பொருநைக் கடைமடையின் வரலாற்றிடங்கள்: பட்டியல் பயணமும் ஆற்றுவழி வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தாமிரபரணி என்னும் பொருநை ஆற்றின் கடைமடைப் பகுதி, தூத்துக்குடி மாவட்டத்தின் திருவைகுண்டம் வட்டாரத்தையும் அதனைத் தொடரும் கழிமுகத்தையும் உள்ளடக்கியது. ஈமக்காடுகள், வைணவத் திருப்பதிகள், சிவாலயங்கள், பழந்துறைமுகங்கள், பாசனக் கட்டுமானங்கள் ஆகியவை இங்கு ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் அமைந்துள்ளன. ஆயினும் இவ்விடங்களுக்கு வருவோர் தனித்தனிப் பட்டியல்களின் வழியாகவே அழைத்துவரப்படுகின்றனர். கோள் வரிசையில் கோயில்களைக் காண்போர் ஈமக்காட்டைக் காண்பதில்லை. அகழாய்வுக் களத்துக்கு வருவோர் அணைக்கட்டில் நிற்பதில்லை. இப்பிரிவினால் அவ்விடங்களைத் தோற்றுவித்த நீரியல் அமைப்பு பார்வைக்கு வராமல் போகிறது என்பதையும், ஆற்றின் போக்கை அடிப்படையாகக் கொண்ட பயண வரிசை இக்குறையை ஈடுசெய்யக் கூடும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொருநை, திருவைகுண்டம், ஆதிச்சநல்லூர், சிவகளை, நவதிருப்பதி, நவகைலாயம், கொற்கை, அணைக்கட்டு, பண்பாட்டுச் சுற்றுலா.

முன்னுரை

ஒரு வரலாற்றிடத்தைக் காணச் செல்வோர் எதனைக் காண்கின்றனர் என்பது, அவர் எந்த வழியாக அங்கு அழைத்துச் செல்லப்படுகிறார் என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது. கோயில், கோட்டை, அகழாய்வுக் குழி ஆகியவற்றைத் தனிப்பொருளாகக் காட்டுவது எளிது. அவற்றுக்கு இடையிலுள்ள வயல், கால்வாய், மேட்டு நிலம் ஆகியவற்றை வரலாற்றுச் சான்றாகக் காட்டுவது கடினம். நகரங்களில் இவ்விடைவெளி கட்டடங்களால் நிரம்பிவிட்டது. ஊரகப் பகுதியிலோ அது இன்றும் கண்ணுக்குப் புலப்படும் நிலையில் உள்ளது. ஆதலால் ஊரக ஆற்றங்கரையொன்றின் வரலாற்றிடங்களைப் பற்றிய எந்த ஆய்வும் அவ்விடைவெளியைக் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

பொதிகை மலையில் தோன்றி ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் பொருநை, தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளேயே தோன்றி அங்கேயே கடலை அடையும் ஆறாகும். இதன் கடைமடையைக் காண வருவோர் பெரும்பாலும் மூன்று வகையினர். முதல் வகையினர் நவதிருப்பதி, நவகைலாயம் என்னும் வழிபாட்டுச் சுற்றுகளை மேற்கொள்வோர். இரண்டாம் வகையினர் ஆதிச்சநல்லூரைக் காண வரும் மாணவரும் தொல்லியல் ஆர்வலரும் ஆவர். மூன்றாம் வகையினர் திருச்செந்தூருக்குச் செல்லும் வழியில் ஓரிரு இடங்களைக் கண்டு செல்வோர். இம்மூவகையினரும் ஒரே சாலையில் பயணம் செய்தாலும், அவர்கள் காணும் வரலாறுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இந்நிலையின் காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆறும் அணைக்கட்டுகளும்

பொருநையின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்பன அவை. இவற்றுள் முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதான திருவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் ஆங்கிலேயர் காலத்தில், 1869-இல் பணி தொடங்கப்பெற்றுக் கட்டப்பட்டது. மருதூர் அணைக்கட்டிலிருந்து மேலக்கால், கீழக்கால் என இரு கால்வாய்களும், திருவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என இரு கால்வாய்களும் பிரிகின்றன. கடைமடையின் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் ஆத்தூர் வட்டார வெற்றிலைக் கொடிக்கால்களும் இந்நான்கு கால்வாய்களையும் அவற்றால் நிறையும் குளங்களையும் நம்பியே உள்ளன.

இவ்வமைப்பின் சிறப்பு, இது நீரைத் தேக்குவதைவிடத் திருப்பிவிடுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டது என்பதாகும். அணைக்கட்டு ஆற்று நீரின் மட்டத்தைச் சற்று உயர்த்துகிறது. கால்வாய் அதனைக் குளத்துக்குக் கொண்டு செல்கிறது. குளமே தேக்கமாகச் செயல்படுகிறது. வடகாலின் நீர் பெருங்குளம் போன்ற ஏரிகளை நிரப்பித் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள கோரம்பள்ளம் குளம் வரை செல்கிறது. ஆகவே ‘ஆற்றங்கரை’ என்பது இங்கு ஆற்றின் இரு கரைகளோடு முடிந்துவிடுவதில்லை. ஆற்றிலிருந்து பல கி.மீ. தள்ளியுள்ள குளத்தங்கரை ஊரும் பொருளளவில் ஆற்றங்கரை ஊரே எனலாம்.

திருவைகுண்டம் அணைக்கட்டு வழிபாட்டுப் பட்டியலிலும் இல்லை. தொல்லியல் பட்டியலிலும் இல்லை. அதனை ஒட்டிய பாலத்தின் வழியாக வாகனங்கள் ஆற்றைக் கடக்கின்றன. ஒரு கரையிலுள்ள கோயிலிலிருந்து மறுகரைக் கோயிலுக்கு விரையும் பயணிக்கு அது கடந்து செல்லும் இடமாக மட்டுமே உள்ளது. அணைக்கட்டில் நெடுங்காலமாகச் சேர்ந்த மணலும் வண்டலும் நீர்க்கொள்ளளவைக் குறைத்தன. தூர்வாரும் கோரிக்கை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று, 2015-இல் அப்பணி தொடங்கப்பட்டது. உழவர்களுக்கு வாழ்வாதாரச் சிக்கலாக இருந்த இது, வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சிக்கலாக எவராலும் பேசப்படவில்லை. அணைக்கட்டு ‘காணத்தக்க இடம்’ என்னும் வகைக்குள் வராததே இதற்குக் காரணமாகும்.

2. பரம்பும் வயலும்

பொருநையின் தென்கரையில், திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையை ஒட்டி ஆதிச்சநல்லூர் ஈமக்காடு அமைந்துள்ளது. 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் இங்கு அகழ்ந்தார். அவர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1899-க்கும் 1905-க்கும் இடையில் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் தாழிகள், தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்புக் கருவிகள் ஆகியன பெருந்தொகையாகக் கிடைத்தன. 114 ஏக்கர் பரப்புள்ள இக்களத்தின் அப்பொருள்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறை 2004–05-இல் மீண்டும் அகழ்ந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. அவ்வகழாய்வின் மாதிரிகள் நெடுநாள் தாமதத்துக்குப் பின்னரே காலக்கணிப்புக்கு அனுப்பப்பட்டன. அவற்றின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என 2019-இல் தெரியவந்தது.

ஆதிச்சநல்லூர்க் களம் ‘பரம்பு’ என்று வழங்கப்பெறும் மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது. கல்லும் சரளையும் மிகுந்த, உழவுக்கு உதவாத நிலம் அது. அதன் அருகிலேயே ஆறும் நீர்ப்பாய்ச்சலுடைய வயல்களும் உள்ளன. வடகரைப் பக்கமுள்ள சிவகளை ஈமக்காடும் பரம்பு என்றே வழங்கப்பெறுகிறது. இறந்தோருக்கு மேட்டு நிலமும் வாழ்வோருக்கு நீர்நிலமும் என்னும் இப்பகுப்பு, விளைநிலத்தின் மதிப்பை உணர்ந்த ஒரு சமூகத்தின் நிலப்பயன்பாட்டு முடிவாகக் கொள்ளத்தக்கது. ரீயின் அகழாய்வில் கலங்களுக்குள் நெல், சிறுதானியம் ஆகியவற்றின் உமி காணப்பட்டமை இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

சிவகளையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2020 முதல் சில பருவங்கள் அகழாய்வு மேற்கொண்டது. அங்குள்ள தாழியொன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டமை 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் வெளியிடப்பெற்ற ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, இரும்புப் பொருள்கள் கிடைத்த சிவகளைத் தாழிகள் சார்ந்த மாதிரிகளின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு சென்றது. இவ்வளவு முற்பட்ட காலத்தை ஏற்பதற்கு மேலும் பல களங்களின் சான்றுகள் தேவை என்னும் கருத்தும் அறிஞரிடையே உள்ளது. எவ்வாறாயினும், பொதுவெளியில் சிவகளை இன்று ஓர் ஆண்டெண்ணாகவே அறியப்படுகிறது. அக்களத்தை நேரில் காண்போருக்கு ஆண்டெண்ணைவிட வேறொன்று தெளிவாகப் புலப்படும். வறண்ட பரம்பின் தாழிக்குள் நெல் வைக்கப்பட்டுள்ளது. அந்நெல் விளைதற்குரிய ஈரநிலம் பரம்பிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இன்றுள்ள குளங்களும் கால்வாய்களும் அக்காலத்தன என்று இதனைக் கொண்டு கூற இயலாது. எனினும் நெல்லுக்கும் நீருக்கும் ஈமத்துக்கும் இடையிலான உறவை வினவத் தூண்டும் சான்றாக அந்நிலக்காட்சி அமைகிறது. கண்ணாடிப் பேழைக்குள் தனித்து வைக்கப்படும் நெல்மணி இவ்வினாவை எழுப்புவதில்லை.

2020-ஆம் ஆண்டு நடுவண் அரசின் நிதிநிலை அறிக்கையில் கள அருங்காட்சியகம் அமைப்பதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து இடங்களுள் ஆதிச்சநல்லூரும் ஒன்று. 2023 ஆகஸ்டில் அங்குக் கள அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அகழ்ந்த குழியை மூடாமல், அதன்மீது அமைத்த கண்ணாடித் தளத்தின் வழியே தாழிகளை இருந்த இடத்திலேயே காணலாம். பொருள்களைப் பெர்லினுக்கும் சென்னைக்கும் எடுத்துச் சென்ற பழைய முறையிலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. தாழியை அதன் இடத்தில் காணும் வாய்ப்பு இப்போது கிடைத்துள்ளது. அவ்விடத்தை ஆற்றோடு இணைத்துக் காணும் வாய்ப்பை ஏற்படுத்துவதே அடுத்த கட்டமாகும். எதிர்க்கரையிலுள்ள கொங்கராயக்குறிச்சியோடு ஆதிச்சநல்லூரைச் சேர்த்துக் காட்டும் முயற்சி அதற்குரிய தொடக்கமாக அமையும்.

3. திருப்பதிகளும் கோள் வரிசையும்

கடைமடைக்கு மிகுதியான பயணிகளை ஈர்ப்பவை நவதிருப்பதிகள் ஆகும். திருவைகுண்டம், நத்தம் என வழங்கும் வரகுணமங்கை, திருப்புளிங்குடி, பெருங்குளம் என வழங்கும் திருக்குளந்தை, இரட்டைத் திருப்பதியாகிய தொலைவில்லிமங்கலம் ஆகியவை வடகரையில் உள்ளன. ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை ஆகியவை தென்கரையில் உள்ளன. இவை அனைத்தும் நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் பாடப்பெற்றவை. ஆழ்வார்திருநகரி என்னும் குருகூர் நம்மாழ்வாரின் ஊர். திருக்கோளூர் அவர்தம் மாணவர் மதுரகவியாழ்வாரின் ஊர்.

இன்று இத்திருப்பதிகள் ஒன்பது கோள்களுக்குரியவையாகக் கொள்ளப்படுகின்றன. திருவைகுண்டம் ஞாயிற்றுக்கும், வரகுணமங்கை திங்களுக்கும், திருக்கோளூர் செவ்வாய்க்கும், திருப்புளிங்குடி புதனுக்கும், ஆழ்வார்திருநகரி வியாழனுக்கும், தென்திருப்பேரை வெள்ளிக்கும், பெருங்குளம் சனிக்கும், இரட்டைத் திருப்பதி இராகு கேதுக்களுக்கும் உரியவை என்பர். திருவாய்மொழிப் பாசுரங்களில் இக்கோள் தொடர்பு இல்லை. அங்கு இறைவனின் கிடந்த, இருந்த, நின்ற கோலங்களே பேசப்படுகின்றன. திருப்புளிங்குடி, வரகுணமங்கை, திருவைகுண்டம் ஆகிய அண்டை ஊர்கள் மூன்றும் ஒரே பாசுரத்தில் இம்முக்கோலங்களோடு இணைத்துப் பாடப்பெற்றுள்ளன. தொலைவில்லிமங்கலம் பொருநையின் வடகரையிலுள்ளது என்பதும் பாசுரத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. ஆக, பாசுர மரபு இவ்வூர்களை அண்மையாலும் ஆற்றின் கரையாலும் அடையாளப்படுத்தியது. பிற்கால வழக்கு கோளால் அடையாளப்படுத்துகிறது.

இம்மாற்றம் பயணத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. ஞாயிறு முதலான கிழமை வரிசையைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஒருவர் வடகரையில் தொடங்கி, செவ்வாய்க்காகத் தென்கரைக்குச் சென்று, புதனுக்காக வடகரைக்குத் திரும்பி, வியாழனுக்காக மீண்டும் தென்கரைக்கு வந்து, சனிக்காக மறுபடியும் வடகரையை அடைய வேண்டும். நான்கு முறை ஆற்றைக் கடந்தும் ஆறு அவர்தம் பயணத்தின் பொருளாக அமைவதில்லை. நடைமுறையில் வாகன ஓட்டுநர்கள் சாலை வசதிக்கேற்ப இவ்வரிசையை மாற்றிக்கொள்கின்றனர். அவ்விரு வரிசைகளிலும் ஊர்களுக்கு இடையிலுள்ள நிலம் விரைந்து கடக்க வேண்டிய தொலைவாகவே எஞ்சுகிறது.

நவகைலாயப் பட்டியலை இதனோடு ஒப்பிடுவது பயன் தரும். அகத்தியரின் மாணவராகிய உரோமச முனிவர் ஒன்பது மலர்களைப் பொருநையில் விட்டார் என்றும், அவை கரையொதுங்கிய இடங்களில் சிவாலயங்கள் எழுந்தன என்றும் தலபுராண மரபு கூறுகிறது. பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் முடியும் அக்கதை, ஆற்றின் போக்கையே பயண வழியாகக் கொண்டது. பிற்காலத்தில் இங்கும் கோள்கள் பொருத்தப்பட்டன. அதன் விளைவாகத் திருவைகுண்டம் வைணவப் பட்டியலில் ஞாயிற்றுக்கும் சைவப் பட்டியலில் சனிக்கும் உரியதாயிற்று. தென்திருப்பேரை ஒன்றில் வெள்ளிக்கும் மற்றொன்றில் புதனுக்கும் உரியதாயிற்று. ஊரின் தன்மையைவிட எண்ணிக்கையை நிறைவு செய்வதே கோள் பட்டியலின் நோக்கம் என்பதனை இம்முரண் காட்டுகிறது.

எனினும் கோள் வழிபாட்டைக் குறையாக மட்டும் மதிப்பிடுவது முறையன்று. வருவாய் குன்றிய சிற்றூர்க் கோயில்களுக்குத் தொடர்ச்சியாக மக்களைக் கொண்டு வந்தது அதுவே. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும் அளவுக்கு இச்சுற்று நிலைபெற்றுள்ளது. மேலும், கோள் வரிசையைச் சாராத பழைய இணைப்பு வடிவமொன்றும் இங்கு உயிரோடு உள்ளது. வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாளில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளி, கருட சேவையில் காட்சி தருகின்றனர். நம்மாழ்வார் அன்ன ஊர்தியில் எழுந்தருள்கிறார். வடகரைத் தெய்வங்கள் ஆற்றைக் கடந்து வரும் அந்நாளில், வட்டாரம் முழுவதும் ஒரே நிலமாகச் செயல்படுகிறது. பயணி ஊர் ஊராகச் செல்வதற்கு மாறாக, ஊர்களே ஓரிடத்தில் கூடுகின்றன. பண்பாட்டுச் சுற்றுலாவைத் திட்டமிடுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய முறையொன்று இவ்விழாவில் உள்ளது.

4. பட்டியலுக்கு வெளியே ஓர் ஊர்

திருவைகுண்டம் ஊரை எடுத்துக்கொண்டால், பட்டியல் பயணத்தில் விடுபடுவன எவை என்பது மேலும் தெளிவாகும். பெருமாள் கோயிலும் கைலாயநாதர் கோயிலும் பட்டியல்களில் உள்ளன. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் பிறந்த ஊர் இதுவே. பிறவியில் பேச்சற்றிருந்து திருச்செந்தூரில் பேச்சுப் பெற்றுக் கந்தர் கலிவெண்பாப் பாடினார் என்னும் அவர்தம் வரலாற்று மரபு, இவ்வூரையும் திருச்செந்தூரையும் இணைக்கிறது.

இவ்வூரில் மண்கோட்டை ஒன்றும் இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் எனப்பட்ட சிறு சமூகத்தினர் அதனுள் வாழ்ந்தனர். அச்சமூகப் பெண்கள் கோட்டைச் சுவருக்கு வெளியே வருவதில்லை என்னும் கட்டுப்பாடு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. மானிடவியலாளர் கமலா கணேஷ் 1993-இல் வெளியிட்ட நூல், சாதியும் பெண்ணின் நிலையும் நிலவுடைமையும் அச்சுவரோடு எவ்வாறு பிணைந்திருந்தன என்பதை ஆராய்கிறது. வடகால் பாயும் வயல்களின் விளைச்சலும் அதன்மீதான உரிமையும் யாரிடம் இருந்தன, யார் எதற்குள் அடைபட்டிருந்தனர் என்னும் வினாக்களை எழுப்பும் இடம் இக்கோட்டை. வழிபாட்டுப் பட்டியலில் இதற்கு இடமில்லை. தொல்லியல் பட்டியலில் இது மிகவும் பிற்பட்டது. பெருமைக்குரிய தொன்மையை மட்டும் காட்டும் பயணம், அண்மைக்கால வரலாற்றின் கடினமான பக்கங்களைத் தவிர்த்துவிடுகிறது என்பதற்கு இக்கோட்டை சான்றாகும்.

5. விலகிச் சென்ற கடல்

ஆற்றின் செயலை நேரடியாகக் காட்டும் பகுதி கழிமுகமாகும். கொற்கை பாண்டியரின் துறைமுகமாக விளங்கியது. அகநானூறு, மதுரைக்காஞ்சி, சிறுபாணாற்றுப்படை முதலிய சங்க இலக்கியங்களில் இவ்வூர் குறிக்கப்படுகிறது. கிரேக்க மொழியிலமைந்த பெரிப்புளூஸ் கொற்கையின் முத்துக்குளித்தலைக் குறிப்பிட்டு, அதில் குற்றத் தண்டனை பெற்றோர் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. தாலமியும் இத்துறைமுகத்தைக் குறிப்பிடுகிறார். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968–69-இல் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரிமாதிரி ஒன்று கி.மு. 785 எனக் காலங்கணிக்கப்பட்டது. 2021-இலும் இங்கு அகழாய்வு நடைபெற்றது.

இத்தகைய துறைமுகம் இன்று கடலிலிருந்து ஐந்து கி.மீ.க்கும் மேல் உள்வாங்கிய சிற்றூராக உள்ளது. வயலும் குளமும் பழமையான வன்னி மரமும் வெற்றிவேலம்மன் கோயிலும் காண்போருக்குத் தென்படுகின்றன. துறைமுகத்துக்குரிய அடையாளம் எதுவும் தென்படுவதில்லை. ‘காண எதுவுமில்லை’ என்று திரும்பும் பயணிக்கு, அவ்வாறு இல்லாமையே இங்குள்ள முதன்மைச் சான்று என்பதை விளக்க வேண்டியுள்ளது. பொருநை கொண்டு வந்து சேர்த்த வண்டல் கடற்கரையைக் கிழக்கே தள்ளியது. கொற்கை கடலை இழந்தபின் வணிகம் காயலுக்கு இடம்பெயர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட ‘காயல்’ இன்றைய பழையகாயலே என்று கால்டுவெல் இனங்கண்டார். 1870-களில் அவர் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தார். காயலில் சீன, அரபு நாட்டுப் பீங்கான், மட்கலச் சில்லுகளைக் கண்டார். காயலும் தூர்ந்தபின் புன்னைக்காயல் போர்த்துகீசியரின் இடமாக விளங்கியது. தமிழ் அச்சு வரலாற்றில் முதன்மையிடம் பெறும் அண்டிரிக் அடிகளார் அங்குப் பணியாற்றினார். 1586-இல் அச்சிடப்பெற்ற அவர்தம் ‘அடியார் வரலாறு’ அவ்வூரோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறது. இறுதியில் துறைமுக வணிகம் தூத்துக்குடியை அடைந்தது.

கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் காண்பவர், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளில் கடற்கரை நகர்ந்த வரலாற்றை நிலத்தின்மீதே காண்கிறார். மேல்மடை வயல்களை வளப்படுத்திய அதே வண்டல் கீழ்மடைத் துறைமுகங்களை மூடியது. திருவைகுண்டம் அணைக்கட்டில் படிந்த மணலும் இதே இயக்கத்தின் தொடர்ச்சியாகும். வயலின் ஆக்கமும் துறைமுகத்தின் அழிவும் ஒரே ஆற்றின் இரு விளைவுகள் என்னும் புரிதல், இவ்விடங்களைத் தனித்தனியே காண்போருக்குக் கிடைப்பதில்லை.

6. 2023 வெள்ளம் உணர்த்துவது

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழை கடைமடையை நீரில் மூழ்கச் செய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. குளங்கள் உடைந்தன, ஏரல் பாலப் பகுதியில் போக்குவரத்துத் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டு, சுமார் 800 பயணிகள் அங்குச் சிக்கிக்கொண்டனர். அந்நிலையம் ஆற்றின் தென்கரையில், திருவைகுண்டம் ஊருக்கு எதிர்ப்புறமுள்ள புதுக்குடியில் அமைந்தது. 1923-இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி – திருச்செந்தூர் இருப்புப்பாதை தென்கரையை ஒட்டியே செல்கிறது.

1992-ஆம் ஆண்டிலும் பொருநையில் பெருவெள்ளம் ஏற்பட்டது. நவகைலாயங்களுள் ஒன்றான இராசபதியின் பழைய கோயில் வெள்ளத்தில் அழிந்ததாகவே மக்கள் வழக்கு கூறுகிறது. இன்று காணப்படுவது புதிதாக எழுப்பப்பட்ட கோயில். ஆகவே வெள்ளம் இவ்வட்டாரத்துக்குப் புறம்பான நிகழ்வன்று. அதன் வரலாற்றின் ஒரு கூறாகும். குளங்கள், கால்வாய்கள், மறுகால்கள் ஆகியன வெள்ளத்தைப் பகிர்ந்து தாங்கும் அமைப்புகளும் ஆகும். அவை தூர்ந்தும் கரை வலுவிழந்தும் போகும்போது, ஆற்றங்கரையிலுள்ள வயலோடு கோயிலும் அகழாய்வுக் களமும் ஒருசேர இடருக்கு உள்ளாகின்றன. ஒரு கோயிலின் மதிற்சுவரைப் பழுதுபார்ப்பதற்கு நிதி ஒதுக்குவது எளிதில் ஏற்கப்படுகிறது. அக்கோயிலைச் சூழ்ந்த குளத்தின் மறுகாலைச் சீரமைப்பதும் மரபுச்சின்னப் பாதுகாப்பே என்னும் கருத்து இன்னும் வேரூன்றவில்லை. பயணிகளுக்குக் குளமும் கால்வாயும் வரலாற்றிடங்களாக அறிமுகமாகாத வரை அக்கருத்து வேரூன்றுவதும் கடினம்.

7. ஆற்றுவழிப் பயண வரிசை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், கடைமடையின் இடங்களை ஆற்றின் போக்கில் இணைக்கும் வரிசையொன்றை முன்மொழியலாம். தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் தொடங்கி, திருவைகுண்டம் அணைக்கட்டில் ஆற்றைக் கடக்க வேண்டும். அங்கு இரு கால்வாய்களும் பிரியும் இடத்தைக் கண்டபின், திருவைகுண்டம், வரகுணமங்கை, திருப்புளிங்குடி ஆகிய ஊர்களைப் பாசுர மரபுப்படி ஒரு தொகுதியாகக் காணலாம். வடகரையிலேயே தொடர்ந்து இரட்டைத் திருப்பதி, பெருங்குளம், சிவகளை ஆகியவற்றைக் காண்கையில் கால்வாய், குளம், கோயில், பரம்பு என்னும் நான்கும் அடுத்தடுத்து அமைவது விளங்கும். ஏரல் வழியாகக் கொற்கையையும் பழையகாயலையும் கண்டு, முக்காணி – ஆத்தூர் பாலத்தில் இரண்டாம் முறை ஆற்றைக் கடந்து, சேர்ந்தபூமங்கலத்தையும் புன்னைக்காயலையும் அடையலாம். திரும்புகையில் தென்கரை வழியே தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர் ஆகியவற்றைக் கண்டு, திருவைகுண்டம் தொடர்வண்டி நிலையத்தில் பயணத்தை முடிக்கலாம்.

இவ்வரிசையில் ஆறு இருமுறை மட்டுமே கடக்கப்படுகிறது. ஒன்பது திருப்பதிகளும் விடுபடுவதில்லை. வழிபாட்டுப் பயணிக்கு இழப்பு எதுவுமின்றி, பிற வரலாற்றிடங்களும் இணைகின்றன. ஒரே நாளில் அனைத்தையும் காண்பது நிறைவு தராது. கோயில்களின் நடையடைப்பு நேரத்தையும் கணக்கில் கொண்டால் இரண்டு நாள்கள் தேவைப்படும். நண்பகல் நடையடைப்பு நேரம் அணைக்கட்டையும் பரம்பையும் குளக்கரையையும் காண்பதற்கு உரிய இடைவேளையாகவும் அமைகிறது. கல்லூரித் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் மேற்கொள்ளும் களப்பயணங்களுக்கு இவ்வரிசை ஏற்றது. பெரிய முதலீடு தேவையில்லை. அணைக்கட்டு, கால்வாய்த் தலைப்பு, மறுகால் ஆகிய இடங்களில் எளிய தமிழில் விளக்கப் பலகைகள் வைப்பதும், திருநெல்வேலி ரெட்டியார்பட்டியிலுள்ள பொருநை அருங்காட்சியகத்தில் இவ்வழியின் வரைபடத்தைக் காட்சிப்படுத்துவதும் தொடக்கத்துக்குப் போதுமானவை.

முடிவுரை

பொருநைக் கடைமடையின் வரலாற்றிடங்கள் தொன்மை, வழிபாடு, வணிகம் என வெவ்வேறு பட்டியல்களில் அடங்கினாலும், அவற்றைத் தோற்றுவித்ததும் மாற்றியதும் ஒரே ஆறாகும். பரம்பில் தாழிகள் புதைக்கப்பட்டமைக்கும், நீர்வளமுள்ள ஊர்களில் திருப்பதிகள் எழுந்தமைக்கும், கோட்டைக்குள் நிலவுடைமை காக்கப்பட்டமைக்கும், துறைமுகங்கள் கடலை இழந்தமைக்கும் நீரும் வண்டலும் பின்புலமாக உள்ளன. பட்டியல் பயணம் மக்களைக் கொண்டு வருவதில் வெற்றி பெற்றுள்ளது. இடங்களுக்கு இடையிலான உறவைக் காட்டுவதில் வெற்றி பெறவில்லை. பாசுர மரபும், மலர்கள் மிதந்த தலபுராணமும், கருட சேவையும் அவ்வுறவை ஏற்கெனவே தம் வழியில் பேணி வந்துள்ளன. ஆதலின் ஆற்றுவழி வாசிப்பு புதிய கண்டுபிடிப்பன்று. இவ்வட்டாரத்தின் மரபிலேயே உள்ள ஒரு முறையை மீட்டெடுப்பதாகும். அணைக்கட்டும் கால்வாயும் குளமும் காணத்தக்க வரலாற்றிடங்களாக ஏற்கப்படும்போதுதான், அவற்றைப் பேணுவதும் வரலாற்றைப் பேணுவதாகக் கருதப்படும்.